ஆசிரியர் கற்பதற்கான நேரத்தை யார் பெற்றுத் தருவது?

தொடக்கப் பள்ளியில் ஏழாண்டுகளாகப் பணியாற்றும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "சங்கம் ஊதியத்துக்காகவும் இடமாறுதலுக்காகவும் ஓய்வூதியத்துக்காகவும் போராடுகிறது, அது தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நான் இன்னும் நல்ல ஆசிரியராக வளர்வதற்குச் சங்கம் ஏதாவது செய்ய முடியுமா? அது சங்கத்தின் வேலைதானா, அல்லது அரசின் பயிற்சி நிறுவனங்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலையா?" ஆசிரியர் சங்கத்தில் நெடுநாள் உறுப்பினராகவும், ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் வட்டார வளமையத்தில் சில காலம் கருத்தாளராகவும், அதாவது பயிற்சி அளிப்பவராகவும் இருந்தவன் என்ற முறையில் இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன்.

அது சங்கத்தின் வேலைதான். ஒரு பாடத்தை எப்படிக் கற்பிப்பது, வாசிக்கத் தடுமாறும் குழந்தைக்கு எங்கிருந்து தொடங்குவது என்பனவெல்லாம் கல்வியியல் கேள்விகள். அவற்றுக்கு விடை தேட ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன. ஆனால் அந்த விடைகளைக் கற்றுக்கொள்ள ஆசிரியருக்கு எந்த நேரம் ஒதுக்கப்படுகிறது, செலவை யார் ஏற்கிறார்கள், எதைக் கற்க வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள், கற்றதை யார் எந்த அளவுகோலால் மதிப்பிடுகிறார்கள் என்ற நான்கும் பணிநிலை சார்ந்த கேள்விகள். பணிநிலையைப் பேசித் தீர்மானிக்கும் இடத்தில் ஆசிரியர் தரப்பில் உட்காரும் ஒரே அமைப்பு சங்கம். அது இவற்றைப் பேசாவிட்டால் இந்த நான்கும் ஆசிரியரைக் கேட்காமலேயே முடிவாகிவிடும்.

இது புதிய கருத்தும் அன்று. ஆசிரியர்களின் தகுநிலை பற்றி யுனெஸ்கோவும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 1966 அக்டோபர் 5 அன்று பாரிஸில் நிறைவேற்றிய பரிந்துரை, ஆசிரியர் அமைப்புகளைக் கல்வி முன்னேற்றத்துக்குப் பெரும் பங்களிக்கக்கூடிய ஆற்றலாக ஏற்று, கல்விக் கொள்கை வகுப்பதில் அவற்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னது. பணியிடைப் பயிற்சி எல்லா ஆசிரியர்களுக்கும் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும், அதற்கான ஏற்பாட்டை ஆசிரியர் அமைப்புகளுடன் கலந்து செய்ய வேண்டும் என்பதும் அதே ஆவணத்தில் இருக்கிறது. நாம் ஆண்டுதோறும் உலக ஆசிரியர் நாளாகக் கொண்டாடும் அக்டோபர் 5, இந்தப் பரிந்துரை பிறந்த நாள்தான். வாழ்த்து அட்டைகளில் இந்தச் செய்தி காணாமல் போய்விடுகிறது என்பது என் நெடுநாள் வருத்தம்.

பரிந்துரை காகிதத்தில் இருப்பது வேறு, நடைமுறைக்கு வருவது வேறு. நடைமுறையை அறிய நான் எப்போதும் ஸ்காட்லாந்தைத்தான் எடுத்துக்காட்டுவேன். அங்குள்ள எஜுகேஷனல் இன்ஸ்டிடியூட் ஆஃப் ஸ்காட்லாந்து என்ற அமைப்பு 1847-இல் தொடங்கப்பட்டது. உலகின் மிகப் பழைய ஆசிரியர் சங்கம் என்று அது அறியப்படுகிறது. 1851-இல் விக்டோரியா அரசி அதற்கு வழங்கிய பட்டயத்தின்படி, கல்வியை வளர்ப்பதே அதன் நோக்கம். சிறந்த ஆசிரியர்களுக்கு ஃபெலோ என்ற கல்வித் தகுதியை வழங்கும் உரிமையும் அதற்கு உண்டு. ஒரு தொழிற்சங்கம் பட்டம் வழங்குகிறது என்பதை நம்மால் எளிதில் நினைத்துப் பார்க்க முடியாது. ஊதியத்துக்காக வேலைநிறுத்தம் செய்வதும், கற்பித்தலின் தரத்துக்குப் பொறுப்பேற்பதும் ஒரே அமைப்பின் இரு கடமைகளாக அங்கே தொடக்கத்திலிருந்தே வளர்ந்துவந்திருக்கின்றன.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஸ்காட்லாந்தில் ஆசிரியர் பற்றாக்குறை கடுமையாக இருந்தது. உரிய பயிற்சிச் சான்று இல்லாதவர்களைக் கொண்டு வகுப்புகளை நிரப்பும் வழக்கம் பரவியது. 1961-இல் கிளாஸ்கோ ஆசிரியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, ஊதியத்தோடு இந்த வழக்கமும் அவர்களுடைய சினத்துக்குக் காரணமாக இருந்தது. பயிற்சி பெறாதவரிடம் குழந்தைகளை ஒப்படைப்பது குழந்தைகளுக்கும் தொழிலுக்கும் இழைக்கும் அநீதி என்று அவர்கள் வாதிட்டார்கள். அந்தக் கொந்தளிப்பின் விளைவாக வீட்லி பிரபுவின் தலைமையில் ஒரு குழு அமைந்து 1963-இல் அறிக்கை தந்தது. 1965-இல் சட்டம் வந்தது. ஸ்காட்லாந்துக்கான பொது ஆசிரியர் மன்றம் பிறந்தது. மருத்துவர்களுக்கு மருத்துவ மன்றம் இருப்பதைப் போல, யார் ஆசிரியராகப் பதிவு பெறலாம் என்பதைத் தீர்மானிக்கும் இந்த மன்றத்தில், ஆசிரியர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர்களே பெரும்பான்மையாக இருந்தார்கள். தொழிலின் தகுதி வரம்பைத் தொழிலில் இருப்பவர்களே காக்கும் உரிமை அங்கே போராட்டத்தின் வழியாக வந்தது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் போராட்டத்தையும் தரத்தையும் எதிரெதிர்த் திசைகளில் நிறுத்திப் பேசும் பழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது.

அடுத்த பெரிய திருப்பம் 2001-இல் வந்தது. பேராசிரியர் கேவின் மெக்ரோன் தலைமையிலான குழு 2000-இல் தந்த அறிக்கையை அடிப்படையாக வைத்து, அரசும் உள்ளாட்சிகளும் ஆசிரியர் சங்கங்களும் முத்தரப்பாகப் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. மூன்றாண்டுகளில் ஏறத்தாழ 23 விழுக்காடு ஊதிய உயர்வு என்பதுதான் செய்தித்தாள்களில் பெரிதாக வந்தது. என் பார்வையில் அதைவிடப் பெரியது, வேலை நேரத்தைப் பற்றி அந்த உடன்பாடு வகுத்த கணக்கு. ஆசிரியரின் வேலை வாரம் 35 மணி நேரம்; அதில் வகுப்பறையில் நிற்கும் நேரம் 22.5 மணிக்கு மேல் போகக் கூடாது, இந்த வரம்பு 2006 ஆகஸ்டுக்குள் எல்லாப் பள்ளிகளிலும் நடைமுறைக்கு வர வேண்டும். வகுப்பறை நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத நேரம் தயாரிப்புக்கும் திருத்தலுக்கும் உரியது. இவற்றோடு, ஆண்டுக்கு 35 மணி நேரம் ஒவ்வோர் ஆசிரியரும் தம் பணித்திறன் வளர்ச்சிக்காகச் செலவிட வேண்டும் என்பதும் ஒப்பந்த விதியானது. ஆசிரியருக்கு இது கடமை. அந்தக் கடமையை நிறைவேற்றப் போதிய மூச்சுவிடும் இடத்தை உண்டாக்கித் தர வேண்டியது நிர்வாகத்தின் பொறுப்பு. கற்பதற்கான கடமையையும் கற்பதற்கான நேரத்தையும் ஒரே மேசையில் வைத்துப் பேசியதால்தான் இரண்டும் ஒரே தாளில் எழுதப்பட்டன.

புதிதாகப் பணியில் சேர்பவர்களுக்கு அந்த உடன்பாடு செய்தது இன்னும் நெஞ்சைத் தொடுவது. அதற்கு முன் ஒரு புதிய ஆசிரியர், இங்கே மூன்று வாரம், அங்கே இரண்டு மாதம் என்று தற்காலிக இடங்களில் அலைந்தபடியே தம் தகுதிகாண் பருவத்தை முடிக்க வேண்டியிருந்தது. 2002 முதல், ஸ்காட்லாந்தில் பயிற்சி முடித்த ஒவ்வொருவருக்கும் ஓராண்டுப் பணியிடம் உறுதி செய்யப்பட்டது. அந்த ஓராண்டில், 2011 வரை, முழு ஆசிரியருக்குரிய வகுப்பு நேரத்தில் 70 விழுக்காடுதான் அவருக்குத் தரப்பட்டது, மீதி நேரம் கற்றுக்கொள்வதற்கு. உடன் வழிகாட்டியாக ஒரு மூத்த ஆசிரியர். பணியில் சேர்ந்த முதல் நாளே ஐந்து வகுப்புகளையும் தனியாளாக ஏற்றுக்கொண்ட நம் ஈராசிரியர் பள்ளி ஆசிரியர்கள் இந்த வரியைப் படிக்கும்போது என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

அதே உடன்பாட்டின் இன்னொரு பகுதி தோற்றுப்போனது. அந்தத் தோல்வி வெற்றியைவிட அதிகம் கற்பிக்கிறது. வகுப்பறையை விட்டு நிர்வாகப் பொறுப்புக்குப் போனால்தான் ஊதியம் உயரும் என்ற நிலை, நல்ல ஆசிரியர்களைக் குழந்தைகளிடமிருந்து பிரிக்கிறது. இதை மாற்ற, வகுப்பறையிலேயே இருந்துகொண்டு முதுகலை அளவிலான படிப்பின் மூலம் உயர்நிலையும் உயர் ஊதியமும் பெறும் சார்ட்டர்ட் டீச்சர் என்ற படிநிலை உருவாக்கப்பட்டது. பல்கலைக்கழகங்கள் நடத்தும் 12 பாடப் பகுதிகளைப் படிக்க வேண்டும். இரண்டு பகுதிகளை முடித்தால் ஓர் ஊதிய உயர்வு. கருத்து உயர்ந்தது. ஆனால் படிப்புக் கட்டணத்தை ஆசிரியரே தம் கையிலிருந்து கட்ட வேண்டியிருந்தது. குடும்பச் சுமை மிகுந்தவர்களுக்கு அது எளிதாக இல்லை. விரும்பியவர் எவரும் தலைமையாசிரியரின் ஒப்புதலின்றியே சேரலாம் என்ற விதி ஆசிரியரின் தன்னுரிமையை மதித்தது. அதே விதியே, பட்டம் பெற்றவரைப் பள்ளி என்ன பணிக்குப் பயன்படுத்துவது என்ற கேள்வியை விடையின்றி விட்டது. சக ஆசிரியர்களுக்கு வழிகாட்டும் பொறுப்பும் அதற்கான நேரமும் அந்தப் பதவியோடு தெளிவாக இணைக்கப்படவில்லை. 2008-க்குப் பின் பொருளாதார நெருக்கடி வந்து அரசின் கை இறுகியபோது, 2011-இல் மெக்கார்மக் குழு இந்தத் திட்டத்தை நிறுத்தப் பரிந்துரைத்தது. 2012-இல் அது மூடப்பட்டது. இதை நான் புரிந்துகொள்ளும் விதம் இதுதான்: எல்லாருக்கும் உரிய உரிமையாக வேலை நேரத்துக்குள் பதிக்கப்பட்ட பகுதி நெருக்கடியைத் தாங்கி நின்றது, தனி ஆளின் பணப்பையையும் தனி ஆளின் ஆர்வத்தையும் நம்பிக் கட்டப்பட்ட பகுதி முதல் புயலில் சாய்ந்தது.

நமக்கும் இதற்கு நெருங்கிய ஒரு பட்டறிவு உண்டு. தமிழ்நாட்டில் ஆசிரியர்கள் உயர்கல்வி பெற்றால் ஊக்க ஊதிய உயர்வு என்ற நடைமுறை பல்லாண்டுகள் இருந்தது. 2020 மார்ச்சில் அரசு அதை நிறுத்தியது. அதை மீட்டுத் தரக் கோரிச் சங்கங்கள் குரல் கொடுத்தது முற்றிலும் நியாயம். ஆனால் அந்த ஊக்க ஊதியத்தை நாம் காத்துவந்த காலத்தில் ஒரு கேள்வியை நமக்குள் கேட்டுக்கொள்ளவில்லை: அஞ்சல் வழியில் பெற்ற அந்த முதுகலைப் பட்டம் நான்காம் வகுப்புக் குழந்தையின் கணக்குப் பாடத்தில் என்ன மாற்றத்தைக் கொண்டுவந்தது? கொண்டுவந்த ஆசிரியர்கள் பலர் இருந்தார்கள், நான் அறிவேன். அந்த மாற்றத்தைக் காட்டிப் பேசும் சான்றுகளைச் சங்கம் திரட்டி வைத்திருந்தால், 2020-இல் நிதித்துறையின் முன் நம் வாதம் இன்னும் வலுவாக நின்றிருக்கும் என்று நம்புகிறேன்.

மீண்டும் ஸ்காட்லாந்துக்கு வருகிறேன். கிரகாம் டொனால்ட்சன் எழுதி 2011 தொடக்கத்தில் வெளிவந்த ஆசிரியர் கல்வி பற்றிய அறிக்கை, பதிவு பெற்ற ஆசிரியர்கள் குறிப்பிட்ட கால இடைவெளியில் மறு அங்கீகாரம் பெற வேண்டும் என்ற எண்ணத்தை முன்வைத்தது. பணியில் இருப்பவரின் தகுதியை மீண்டும் மீண்டும் சோதிக்கும் தேர்வாக இது மாறிவிடுமோ என்ற அச்சம் இயல்பாகவே எழுந்தது. சங்கம் அதை வெறுமனே எதிர்த்து வெளியே நிற்காமல், மன்றத்திலும் பேச்சுவார்த்தையிலும் உள்ளே இருந்து அதன் வடிவத்தை மாற்றப் பாடுபட்டது. 2014 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த ஏற்பாட்டின்படி, ஆசிரியர் தாம் தொடர்ந்து கற்றுவருவதைப் பதிவு செய்து, தம் மேற்பொறுப்பாளருடன் ஆண்டுதோறும் கலந்துரையாடி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதை உறுதிப்படுத்துகிறார். திறனைச் சோதிக்கும் தேர்வு அதில் இல்லை. பணித்திறன் குறைவாக இருப்பவரைக் கையாளும் நடைமுறை தனியாக இருக்கிறது. ஆசிரியரை வளர்ப்பதற்கான ஏற்பாட்டையும் ஆசிரியரை நீக்குவதற்கான ஏற்பாட்டையும் ஒன்றாகக் கலக்காமல் வைத்தது சங்கத்தின் நுட்பமான சாதனை. தம் குறையை வெளியே சொன்னால் வேலை போய்விடும் என்று அஞ்சுகிற ஆசிரியர் எவரும் எதையும் கற்றுக்கொள்ள மாட்டார்.

அங்கே எல்லாம் நிறைவாக இருக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். ஆண்டுக்கு 35 மணி என்பது சில இடங்களில் மணிக்கணக்கை நிரப்பும் சடங்காகச் சுருங்கியது என்ற குறை உண்டு. வகுப்பறை நேரத்தை 22.5 மணியிலிருந்து 21 மணியாகக் குறைப்பதாக 2021-இல் தரப்பட்ட வாக்குறுதி, ஆண்டுகள் உருண்டோடியும் நிறைவேறாமல் சங்கத்தின் போராட்டப் பட்டியலில் தொடர்ந்தது. இருந்தாலும் அவர்கள் போராடுவது எதற்காக என்று பாருங்கள்: தயாரிப்புக்கும் கற்றலுக்கும் வேண்டிய நேரத்துக்காக.

மாற்று வழியொன்றைக் காட்டுவது அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள டொலிடோ நகரம். அந்நகர ஆசிரியர் சங்கத்தின் தலைவர் டால் லாரன்ஸ், புதிய ஆசிரியர்களுக்கு வழிகாட்டி மதிப்பிடும் பொறுப்பை மூத்த ஆசிரியர்களிடமே ஒப்படைக்க வேண்டும் என்று 1970-களிலிருந்தே கேட்டுவந்தார். 1981-இல் அது ஒப்பந்தத்தில் இடம்பெற்றது. சிறந்த ஆசிரியர்கள் மூன்றாண்டு வரை வகுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டு, புதியவர்களின் வகுப்புகளுக்குச் சென்று உட்கார்ந்து கவனித்து, உதவி செய்து, அறிக்கை தருகிறார்கள். முடிவெடுக்கும் குழுவில் ஒன்பது பேர்: ஐவர் சங்கத்தினர், நால்வர் நிர்வாகத்தினர், முடிவுக்கு ஆறு வாக்கு வேண்டும் என்பதால் ஒரு தரப்பு தனித்து எதையும் செய்ய முடியாது. உதவி பெற்றும் முன்னேறாதவர் பணியில் தொடரக் கூடாது என்று சங்கமே சொல்லும் நிலையும் அங்கே ஏற்படும். உறுப்பினரைக் காப்பது சங்கத்தின் கடமை என்று வளர்ந்தவர்களுக்கு இது நெருடலாக இருக்கும். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஆனால் பாதுகாப்பு என்பது விசாரணையும் உதவியும் வாய்ப்பும் தருவது என்று பொருள்கொண்டால், அவை அத்தனையும் டொலிடோவில் இருக்கின்றன. இது நமக்கு அப்படியே பொருந்தாது. நம் நியமன முறை வேறு, சங்கங்களின் அமைப்பு வேறு. இருந்தாலும் ஆய்வுக்கு வரும் அலுவலருக்குப் பதிலாக அதே பாடத்தை இருபதாண்டு கற்பித்த ஒருவர் பின்வரிசையில் வந்து அமர்ந்தால் எவ்வளவு வேறுபாடு இருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

அதே 1981-இல் அமெரிக்க ஆசிரியர் கூட்டமைப்பு, கல்வி ஆய்வு முடிவுகளை ஆசிரியர்களே கற்றுச் சக ஆசிரியர்களுக்குக் கற்பிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. நம் அருகில் கேரளப் பள்ளி ஆசிரியர் சங்கம், பள்ளிகளில் கணினிக் கல்வி வந்தபோது ஒரே நிறுவனத்தின் மென்பொருளைச் சுற்றியே பயிற்சியும் பாடமும் அமைவதை எதிர்த்து, கட்டற்ற மென்பொருளுக்காக வாதாடியது. பின்னர் அம்மாநிலப் பள்ளிகள் அந்தப் பாதைக்கே மாறின. ஆசிரியர் எதைக் கற்க வேண்டும் என்பதில் சங்கத்துக்கு ஒரு சொல் உண்டு என்பதற்கு இது நல்ல சான்று.

இப்போது உங்கள் பள்ளிக்கு வருவோம். அருகிலுள்ள சில பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவளமையக் கூட்டம், வட்டார வளமையப் பயிற்சி, தொடக்க வகுப்புக் குழந்தைகளின் அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமாக 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் பருவப் பயிற்சிகள் என்று பயிற்சிக்குக் குறைவில்லை. தேசியக் கல்விக் கொள்கை 2020, ஒவ்வோர் ஆசிரியரும் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரம் தம் ஆர்வத்துக்கேற்ற பணித்திறன் வளர்ச்சியில் ஈடுபட வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. ஸ்காட்லாந்தின் 35 மணியைவிட இது அதிகம். ஆனால் அங்கே 35 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் 22.5 என்ற எண் இருந்தது. இங்கே 50-க்குப் பக்கத்தில் எந்த எண்ணும் இல்லை. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் பயிற்சிக்குப் போனால் மற்றவர் ஐந்து வகுப்பையும் பார்க்க வேண்டும். மாலையில், பள்ளி விவரங்களை இணையத்தில் ஏற்றும் எமிஸ் பதிவேற்றம் காத்திருக்கும். கருத்தாளராக நான் நின்ற அறையில் முற்பகல் முழுவதும் கைப்பேசியில் பள்ளியின் நிலையை விசாரித்துக்கொண்டே இருந்த ஆசிரியர்களை நான் குறை சொன்னதில்லை.

சங்கங்கள் இதை ஏன் முன்னெடுக்கவில்லை என்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன. 2003 ஏப்ரலுக்குப் பின் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லாமல் போனதும், 2009 ஜூனுக்குப் பின் சேர்ந்த இடைநிலை ஆசிரியர்களுக்கு, அதே பணியில் முன்பே சேர்ந்தவர்களைவிட ஊதியம் குறையும் ஊதிய முரண்பாடு ஏற்பட்டதும் பல ஆண்டுகளாகச் சங்கங்களின் ஆற்றலை உறிஞ்சிக்கொண்டன. இடைநிலை, பட்டதாரி, முதுகலை என்று பதவிவாரியாகப் பிரிந்து நிற்கும் சங்கங்களுக்கு, ஒன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தொடரும் கற்பித்தலைப் பற்றி ஒன்றாகப் பேச மேடையும் அமையவில்லை. காரணங்கள் உண்மையானவை, ஆனாலும் நாம் விட்டு வைத்த வெற்றிடத்தை வேறு யாரோ நிரப்புகிறார்கள்.

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இதற்கு நேரடியான சான்று. ஓய்வு பெற ஐந்தாண்டுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள், பணியில் எத்தனை ஆண்டு கழித்திருந்தாலும், இரண்டாண்டுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் வெற்றி பெற வேண்டும் என்று அது சொன்னது. இருபதாண்டு கற்பித்தவரின் தகுதியை கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் ஒரு கொள்குறித் தேர்வு அளந்துவிடும் என்று நான் ஏற்கவில்லை. சட்டப் போராட்டம் நடத்துவது சங்கத்தின் கடமை. ஆனால் அந்தத் தேர்வு தவறான அளவுகோல் என்று வாதிடும்போது, சரியான அளவுகோல் எது என்ற கேள்வி எழும். அதற்கு ஸ்காட்லாந்துச் சங்கத்திடம் ஒரு விடை இருந்தது. நம்மிடம் அது எழுதப்பட்ட வடிவில் இருக்க வேண்டும்.

உங்கள் வட்டாரக் கிளையில் நீங்கள் எழுப்பக்கூடிய கோரிக்கைகளைச் சொல்கிறேன். பயிற்சி நாளில் பள்ளிக்கு மாற்று ஆசிரியர் இல்லாமல் ஈராசிரியர் பள்ளியிலிருந்து எவரையும் அழைக்கக் கூடாது என்பது முதலாவது. இதற்குக் கொள்கை மாற்றம் வேண்டியதில்லை, வட்டாரக் கல்வி அலுவலரிடம் பேசியே தொடங்கலாம். பயிற்சிப் பொருளை முடிவு செய்வதற்கு முன் ஆசிரியர்களிடம் அவர்கள் வகுப்பில் எங்கே தடுமாறுகிறார்கள் என்று கேட்க வேண்டும், கருத்தாளர்களில் பாதிப்பேராவது தற்போது வகுப்பறையில் இருப்பவர்களாக இருக்க வேண்டும் என்பவை அடுத்தவை. வாரத்துக்கு இத்தனை மணி நேரம்தான் வகுப்பு, இத்தனை மணி நேரம் தயாரிப்பு என்ற வரையறையை மாநிலக் கோரிக்கைப் பட்டியலில் ஓய்வூதியத்துக்கு அடுத்த வரியிலேயே சேர்க்கத் தீர்மானம் கொண்டுவாருங்கள். கிளைக் கூட்டத்தில் தீர்மானங்கள் முடிந்ததும் அரை மணி நேரம் ஒதுக்கி, அந்த மாதம் வகுப்பில் பலன் தந்த ஒன்றையும் பலன் தராத ஒன்றையும் ஓர் ஆசிரியர் எடுத்துச் சொல்லச் செய்யுங்கள்; முதல் கூட்டத்தில் நீங்களே பேசுங்கள். பலன் தராததைச் சொல்லும்போது எவரும் குறுக்கிடக் கூடாது என்று தலைவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.